சந்திரமதி என்ன விலை?

யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் வாய்விட்டு அழுத அடிமை சரித்திரத்தில் ஒரே ஒருவன்தான். அவனும் அயோத்திக்கு அரசன். பெயர் அரிச்சந்திரன்.

வடமராட்சியில் கோவில் திருவிழா என்றால் ஒரு காலத்தில் அவன் கதையான மயான காண்டம் இல்லாமல் முடியாது. வல்வெட்டித்துறையில் முத்துமாரி அம்மனுக்குச் சித்திராப் பௌர்ணமியில் இந்திர விழா எடுப்பார்கள். கடற்கரை ஊர் முழுக்க வெளிச்சம், சந்திக்குச் சந்தி பாட்டும் மேளமும். அந்தப் பக்கத்து மனிதருக்கு நாடகம் என்றால் இரவு பத்துக்குத் தொடங்கி விடியும்வரை இருக்கவேண்டும். பாய், தலகணி, கச்சான் கடலை, மடியில் தூங்கும் பிள்ளை, எல்லாவற்றோடும் வந்து குந்தி இருப்பார்கள். காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து தோளில் தடியோடு சுடலைக்குள் நுழைந்து குரலை மேலே எடுத்தால், கப்பலோட்டிப் பழகிய கல்நெஞ்சுக்காரனும் சால்வையால் மூக்கைத் துடைப்பான். 1924இல் பிறந்து 1989இல் மறைந்த அந்த மனிதர் இந்த ஒரு வேடத்தை ஆயிரக்கணக்கான தடவை போட்டார். தமிழில் இத்தனை தடவை சுடலைக்குப் போய் உயிரோடு திரும்பிய மனிதர் வேறு இல்லை.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்றாலும் ஒருக்கால் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் அழுகிற அவசரத்தில் சில விசயங்களைக் கவனிப்பதில்லை.

விசுவாமித்திரருக்கு வேறு வேலை இல்லை. ஒரு மனிதன் பொய்யே சொல்லமாட்டானாம் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு நித்திரை போய்விடுகிறது. அரசனிடம் நாட்டைப் பிடுங்குகிறார். அதுவும் போதாமல், யாகத்துக்குத் தருவதாகச் சொன்ன பொன் எங்கே என்று கேட்கிறார். நாட்டோடு திறைசேரியும் போய்விட்டதே சுவாமி என்றால், அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு என்கிறார். கடனை அறவிட நட்சத்திரேசன் என்று ஓர் ஆளைக் கூடவே அனுப்புகிறார். இன்றைக்கு முச்சக்கரவண்டித் தவணை கட்டாதவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிற லீசிங் கம்பனிப் பொடியனுக்கு ஆதிகுரு இந்த நட்சத்திரேசன்தான். காசி வரை பின்னாலேயே போகிறான். அங்கே நடுத்தெருவில் சத்தியவான் என்ன செய்கிறார்? மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் ஏலம் கூறி விற்கிறார். வாங்கியவர் காலகண்டர் என்ற பிராமணர். அதற்குப் பிறகும் கடன் மிச்சம். கடைசியில் தன்னையே விற்கிறார். வாங்குகிறவன் வீரவாகு, சுடலை காக்கும் புலையன். இந்தக் கதையில் சொன்ன காசைச் சொன்னபடி எண்ணிக் கொடுத்தவன் அவன். அவனுக்காக எந்தத் திருவிழாவிலும் ஒருவரும் கைதட்டியதில்லை.

சனம் எந்த இடத்தில் உடைந்து அழும்? மனைவியை விற்கிற இடத்தில் கொஞ்சம் அழும். பிள்ளை பாம்பு கடித்துச் செத்து, தாய் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வர, தகப்பனே சுடலைக் கூலி கேட்கிற இடத்தில் நன்றாக அழும். இரண்டுக்கும் நடுவே ஒரு பெருமூச்சு வரும். ஐயோ, ஓர் அரசன் போயும் போயும் புலையனுக்கு அடிமையாகிறதா!

அந்தப் பெருமூச்சில்தான் யாழ்ப்பாணத்தின் முந்நூறு வருசம் இருக்கிறது. ஒருவனை ஒருவன் விற்கலாமா, வாங்கலாமா என்ற கேள்வி அங்கே யாருக்கும் வரவில்லை. விற்கட்டும், வாங்கட்டும். ஆனால் ஆள் மாறிப்போகலாமா? அடிமையாக இருக்கவேண்டியவன் வாங்குகிறான், வாங்கவேண்டியவன் அடிமையாகிறான். இதுதான் சோகம். ஆட்கள் சரியான இடத்தில் இருந்திருந்தால் அது நாடகமே இல்லை, வெறும் வியாழக்கிழமை.

எங்கள் பழைய கதைகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். பாரதத்தில் தருமர் சூதாடி நாலு தம்பிமாரையும் தன்னையும் தோற்று, கடைசியில் பாஞ்சாலியையும் அடிமையாக்குகிறார். ஊரே அழுகிறது. நளன் நாட்டை இழந்து இன்னொருவனுக்குத் தேரோட்டியும் சமைத்தும் சீவிக்கிறான். ஊரே அழுகிறது. எல்லாரும் தற்காலிக அடிமைகள். விடியற்காலை மங்களம் பாடுவதற்கு முன் அவரவருக்கு அவரவர் சிம்மாசனம் திரும்பக் கிடைத்துவிடும். நிரந்தர அடிமைக்கு எந்தக் கூத்திலும் கதாநாயக வேடம் இல்லை. பாஞ்சாலியின் சேலையை உரிந்த சபையில் ஏற்கனவே எத்தனை பணிப்பெண்கள் விசிறிக்கொண்டு நின்றிருப்பார்கள்? காலகண்டர் வீட்டில் சந்திரமதிக்கு முன்பே நெல் குற்றிக்கொண்டிருந்தவள் யார்? கதை முடிவில் சந்திரமதியின் கழுத்துக்கு ஓங்கிய வாள் பூமாலையானது சரி. அந்த மற்றவளுக்கு யார் மாலை போட்டது?

இனிக் கொட்டகையை விட்டு வெளியே வருவோம்.

ஒல்லாந்தர் 1658இல் பறங்கியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். பறங்கிக்கு மதம் பெரிது. ஒல்லாந்தருக்குக் கணக்கு பெரிது. வந்தது அரசாங்கம் இல்லை, ஒரு கொம்பனி. கடைக்காரன் கையில் ஒரு நாட்டைக் கொடுத்தால் அவன் முதலில் செய்வது இருப்பு எடுப்பதுதான். தோம்பு எழுதினார்கள். பனை எத்தனை, பரப்பு எத்தனை, தலை எத்தனை. அந்தத் தலைகளில் அடிமைத் தலைகளும் அடக்கம்.

சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தால், போர் வந்தால், அங்கே சோறில்லாத தாய் தகப்பன் பிள்ளைகளை விற்பார்கள். தங்களையும் விற்பார்கள். தோணியில் ஏற்றினால் இந்தப் பக்கம் யாழ்ப்பாணம். 1694 கடைசியிலிருந்து 1696 கடைசிவரை இரண்டே வருசத்தில் மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் இப்படிக் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். கொமாண்டர் சுவார்டேக்குரோன் 1697இல் பதவியை விட்டுப்போகும்போது தனக்குப் பின் வருகிறவர்களுக்கு எழுதிவைத்த குறிப்பில் இந்தக் கணக்கு இருக்கிறது. தலைக்கு இவ்வளவு பணம் என்று தீர்வை அறவிட்ட கணக்கும் இருக்கிறது. கோடியக்கரைக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையில் கிடப்பது அறுபது எழுபது கிலோமீற்றர் தண்ணீர்தான். பிந்திய காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் அதே தண்ணீரால் சேலையும் பீடிக் கட்டும் கொண்டுவந்தபோது கொழும்பு அரசாங்கம் அதைக் கள்ளக்கடத்தல் என்று சொல்லிச் சுங்கப் படகு விட்டுத் துரத்தியது. மனிதரைக் கொண்டுவந்தபோது சுங்கம் மேசை போட்டு உட்கார்ந்து காசை எண்ணியது. பொருளைப் பொறுத்துத்தான் கடத்தலும் வியாபாரமும்.

இறங்கியவர்களில் சிலர் கொம்பனிக்கு, சிலர் கமக்காரருக்கு. புகையிலைத் தோட்டத்துக்கு இறைக்க ஆள் வேண்டும். வயலுக்கு ஆள் வேண்டும். பனையில் ஏற ஆள் வேண்டும். மகளுக்குக் கலியாணம் என்றால் சீதன ஓலையில் காணி, நகை, அதற்குக் கீழே அடிமை இத்தனை பேர். மாப்பிள்ளை வீட்டுக்காரர் நகையை உரசிப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார்கள்.

1707இல் இந்த வழக்கங்களை எல்லாம் ஒழுங்காக எழுதிவைக்கவேண்டும் என்று ஆள்பதி கொர்னேலிஸ் யோவான் சீமோன்ஸ் கட்டளையிட்டார். யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் எழுதினார். அதுதான் தேசவழமை. இதை நான் எங்கள் தீபகற்பத்தின் மிக நீண்டகாலம் ஓடிய நாடகம் என்று சொல்லுவேன், ஏனென்றால் காணி, சீதனம், முதுசம் பற்றிய அதன் காட்சிகள் இன்றைக்கும் நீதிமன்றங்களில் ஓடுகின்றன. மூலம் ஒல்லாந்து மொழி. தமிழ் ஆக்கம் யான் பீரிஸ். பின்பு நல்ல புத்தியுள்ள பன்னிரண்டு முதலியார்மாரைக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுத்தார்கள். அவர்கள் வாசித்தார்கள், தலையாட்டினார்கள், ஒப்பம் வைத்தார்கள்.

அதில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று நாலு வகை. அடிமைத் தாய்க்குப் பிறந்தது அடிமை, அது தாயின் எசமானுக்குச் சேரும். யார் யாருடைய ஆள் என்பதில் சந்தேகம் வரக்கூடாது அல்லவா? அயோத்தியில் நடந்ததுபோலக் குழப்பம் யாழ்ப்பாணத்தில் நடவாமல் இருக்க இதைவிட என்ன காவல் வேண்டும்! அந்த நாலு வகையில் ஒருவரைக்கூட ஐசாக்ஸ் கூப்பிட்டு உன் வழமை என்ன என்று கேட்கவில்லை. பன்னிரண்டு எசமானரும் சேர்ந்து அடிமையின் வழமையைச் சொல்லிக்கொடுத்தார்கள். மேடைக்குப் பின்னால் நின்று அடுத்தவன் வாய்க்கு வசனம் கொடுக்கிற கலையில் நாங்கள் அன்றே தேர்ந்தவர்கள்.

அதே நூற்றாண்டில் வட்டுக்கோட்டையில் கணபதி ஐயர் வாளபிமன் நாடகம் எழுதினார். கூத்துக்கு ஆதரவு இருந்தது, அண்ணாவிமார் இருந்தார்கள். ராசா ராணி கதைகள் ஓடின. கூத்துக் களரியைச் செதுக்கிக் கூட்டியது யார், பந்தம் பிடித்தது யார், கிடுகு வேய்ந்தது யார் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

பிறகு பிரித்தானியர் வந்தார்கள். அவர்களும் 1806இல் தேசவழமைக்குப் புதுச் சட்டப் பலம் கொடுத்தார்கள். பழைய நாடகம், புதுக் கொம்பனி. அதற்குப் பிறகுதான் சேர் அலெக்சாந்தர் யோன்ஸ்டன் மேடைக்கு வருகிறார். இலங்கையின் பிரதம நீதியரசர். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் நல்ல மனிதர்களுக்கே உரிய ஒரு பலவீனம் அவருக்கும் உண்டு. நாடகத் தன்மையான தருணங்கள் பிடிக்கும். அடிமைகள் வைத்திருந்தவர்களிடம் பேசி, இனிமேல் பிறக்கிற அடிமைப் பிள்ளைகள் சுதந்திரர் என்று அவர்களையே ஒப்புக்கொள்ள வைத்தார். எந்த நாளிலிருந்து? 1816 ஆகஸ்ட் 12இலிருந்து. ஏன் அந்த நாள்? இங்கிலாந்தின் இளவரசப் பிரதிநிதி ஜோர்ஜ் பிறந்த நாள்.

இந்த ஜோர்ஜைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகமுடியாது. சீமை முழுக்கக் கடன். சாப்பாட்டுக் கடன், உடுப்புக் கடன், மாளிகைக் கடன். கடனைப் பாராளுமன்றம் அடைக்கவேண்டும் என்றால் கலியாணம் கட்டவேண்டும் என்று சொன்னபடியால் 1795இல் கரோலைன் என்ற பெண்ணைக் கட்டினார். கட்டிய நாளிலிருந்து அவளைப் பிடிக்கவில்லை. 1820இல் அரசனானதும் அவளைத் தள்ளிவைக்கப் பாராளுமன்றத்தில் சட்டமூலமே கொண்டுவரச் செய்தார். அயோத்தி அரசன் கடனுக்காக மனைவியை விற்றான். இங்கிலாந்து அரசன் கடனுக்காக மனைவியை வாங்கினான். இப்பேர்ப்பட்டவர் பிறந்த நாளில்தான் எங்கள் அடிமைப் பிள்ளைகளுக்கு விடுதலை. ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு பிறந்த பிள்ளை அவசரக்குடுக்கை. அது தொடர்ந்தும் அடிமை.

யோன்ஸ்டனுக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. இலங்கைச் சனத்துக்கு நாடகம் என்றால் உயிர், ஆகவே நல்ல நாடகம் ஒன்றைக் காட்டினால் நல்ல புத்தி வந்துவிடும். ஸ்கொத்லாந்தில் பிறந்து இலண்டனில் இருந்த புகழ்பெற்ற நாடகாசிரியை யோனா பெய்லி. அவருடைய நாடகம் ஒன்றைச் சிங்களத்தில் பெயர்க்க யோன்ஸ்டன் விரும்பினார். அந்த உற்சாகத்தில் அம்மையார் இலங்கைக்கென்றே புதிதாக ஒன்று எழுதி 1828இல் அச்சிட்டார். பெயர் ‘மணப்பெண்’. அவர் இலங்கையை ஒருநாளும் கண்டதில்லை. அது அவரைத் தடுக்கவும் இல்லை. ராசிங்க என்று ஒரு மலைநாட்டுத் தலைவன். ஆர்தினா என்று மனைவி. அவன் இரண்டாம் தாரம் கட்ட ஆசைப்படுகிறான். குழப்பம், சிறை, மரண தண்டனை. இடையில் ஒரு ஐரோப்பிய வைத்தியர் வந்து மன்னிப்பு என்ற கிறிஸ்தவக் குணத்தைக் கற்றுக்கொடுக்க எல்லாம் சுபம்.

கவனித்தீர்களா? இலங்கையில் அடிமைப் பிள்ளைகளுக்கு விடுதலை வாங்கிய மனிதருக்காக இலங்கைச் சனத்தைத் திருத்த எழுதப்பட்ட நாடகம். அதன் கரு இரண்டாம் தாரம். அடிமை வைத்திருப்பதைப் பற்றி இல்லை. மேடைக்கு ஏற்ற துன்பம் எப்போதும் மாளிகைக்குள்தான் நடக்கும் என்பதில் காசிக்கும் இலண்டனுக்கும் பேதமில்லை. அந்த நாடகத்தை வல்வெட்டித்துறைக்குக் கொண்டுவந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் சிலவேளை யோசிப்பதுண்டு. விடிய முன்னம் முடிகிற நாடகம் என்று கேட்டதுமே பாயைச் சுருட்டியிருப்பார்கள். இருந்து பார்த்தவன் சொல்லியிருப்பான்: “என்னடாப்பா, தெய்வானைக்கு மேல வள்ளியைக் கட்டினவன்ர கோயில்ல இருந்துகொண்டு இந்தக் கதையைச் சொல்லுறாங்கள்!”

யாழ்ப்பாணத்து எசமானருக்குப் பிறந்தநாள் விழா எல்லாம் சரிவரவில்லை. அவர்களுக்கு வேண்டியது காசு. 1818இல் அடிமைகளைப் பதியச் சொல்லிச் சட்டம் வந்தது. 1820களில் பதிவில் இருந்தவர்கள் பதினைந்தாயிரம் அளவில். 1821இல் அரசாங்கம் ஒரு யுக்தி செய்தது. தாய் வழியாகத்தானே அடிமைத்தனம் இறங்குகிறது, அப்படியானால் பெண் பிள்ளைகளைப் பிறந்த கையோடு அரசாங்கமே வாங்கி விட்டுவிட்டால் அடுத்த தலைமுறை தானாகச் சுதந்திரம். கணக்குச் சரிதான். விலையும் சட்டத்திலேயே எழுதியிருந்தது.

கோவியப் பெண் குழந்தை மூன்று இறைசால். நளவர், பள்ளர் பெண் குழந்தை இரண்டு இறைசால்.

காசித் தெருவில் சந்திரமதியை விற்கும் காட்சியைப் பாடப் பாட நேரம் போவது தெரியாது. அரசாங்கக் கச்சேரியில் இந்தக் காட்சி அரை நிமிசத்தில் முடிந்திருக்கும். அழுகிற தொட்டில் பிள்ளை, ஓலையோடு எசமான், பெட்டியில் இரண்டு இறைசால். 1825இல் ஓர் இறைசாலை ஒன்றரைச் சிலிங் என்று மாற்றினார்கள். ஆக மூன்று சிலிங் ஒரு பெண். அழகு என்னவென்றால் விடுதலையிலும் சாதிப்படி விலை வித்தியாசம் இருந்ததுதான். நாளைக்கு இரண்டு பிள்ளைகளும் சமமான சுதந்திரப் பெண்கள். இன்றைக்கு மட்டும் ஒருத்தி ஓர் இறைசால் உசத்தி. பிரித்தானியர் எங்களிடம் எதையும் கற்கவில்லை என்று யார் சொன்னது?

1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தன் இராச்சியத்தில் அடிமைத்தனத்தை ஒழித்துப் பெரும் முழக்கம் செய்தது. எசமானருக்கு நட்டஈடு இரண்டு கோடிப் பவுண். அடிமைகளுக்கு ஒரு செப்புக்காசும் இல்லை. அந்தச் சட்டத்திலும் ஒரு விதிவிலக்கு எழுதியிருந்தார்கள்: கிழக்கிந்தியக் கொம்பனியின் நாடுகளுக்கு இது செல்லாது, சென் எலனாவுக்குச் செல்லாது, இலங்கைக்கும் செல்லாது. எங்களுக்கு 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்துதான் அடிமைத்தனம் சட்டத்திலிருந்து கழன்றது. ஒரு நாள் ஓலைகள் பழைய ஓலைகளாயின. காணி காணிக்காரனிடமே இருந்தது. பனை பனைக்காரனிடமே. கிணறும் அப்படியே. நேற்றைய அடிமை இன்றைக்குச் சுதந்திரமாக அதே வேலியோரத்தில் நின்று அதே கமக்காரனை “நயினார்” என்று கூப்பிட்டான்.

சட்டம் விட்ட இடத்தை ஊர் பிடித்துக்கொண்டது. மேலுக்குச் சட்டை போடக்கூடாது. பெண்கள் மார்புக்குத் துணி போடக்கூடாது. காதில் கழுத்தில் மினுங்கக்கூடாது. செருப்புக் கூடாது, குடை கூடாது. பிணத்துக்கு மேளம் கூடாது. கோவிலுக்குள் கூடாது. கிணற்றடியில் தள்ளி நின்று யாராவது வார்த்தால் குடிக்கலாம். தேநீர்க் கடையில் போத்தல், வீட்டு முற்றத்தில் சிரட்டை.

இங்கேதான் கூத்து தன் வேலையைக் காட்டியது.

ராசா வேசம் கட்டுகிறவனுக்கு என்ன வேண்டும்? தலைக்குக் கிரீடம். தோளுக்குப் புயகீர்த்தி. காதுக்குக் குண்டலம். நெஞ்சை மூடிப் பளபளக்கும் சட்டை. அந்தத் தடைப் பட்டியலை ஒரு கையிலும் இந்த ஒப்பனைப் பட்டியலை மறு கையிலும் வைத்துப் பாருங்கள். ஊர் எதை எல்லாம் மறித்ததோ, அது அத்தனையும் ராசாவின் உடுப்பு. கூத்துக் கலைஞர்களிலும், பிந்தி வந்த இசை நாடகக்காரரிலும் பலர் இந்த ஒடுக்கப்பட்ட மக்கள்தான். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குக் கூத்தாடுவது மரியாதைக் குறைவு. மரியாதை வேண்டாம் என்று அவர்கள் விட்ட இடத்தில் இவர்கள் ஏறி ராச்சியம் நடத்தினார்கள். பத்து மணியிலிருந்து விடியும்வரை அவன் அரசன். முன்வரிசையில் கதிரை போட்டிருக்கும் கமக்காரன் அவனுக்குக் குடிமகன். இதே கிரீடத்தைக் காலையில் கழற்ற மறந்து ஒழுங்கையால் நடந்து போனால் அடி விழும். மேடையில் போட்டால் வேசம், தெருவில் போட்டால் குற்றம். இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை:

“டேய், ராத்திரி நல்லாத்தான் ஆண்டனி. இன்னும் பனையில ஏறேல்லையோ?”

“ஏறுறன் நயினார். ராச்சியத்தை இப்பத்தான் மந்திரியிட்டக் குடுத்திட்டு வாறன்.”

இந்த வேசங்களுக்குள் ராசா ராணி இல்லாத ஒன்று உண்டு. காத்தவராயன். மாரி இருக்கிற இடமெல்லாம் அவள் பிள்ளை காத்தான் இருப்பான். வடமராட்சியில் மாரி அம்மன் கோவில்களுக்கு நேர்த்தி வைத்துக் காத்தான் கூத்து ஆடுவார்கள். முன்காத்தான், பின்காத்தான் என்று வயதுக்கு வயது ஆள் மாறும். உடுக்கு ஒலிக்க ஒரு துள்ளு நடை உண்டு, பார்க்கிறவன் காலும் தானாக ஆடும். கதை என்ன? தன் சாதிக்கு எட்டாத ஆரியமாலையை ஆசைப்பட்டவன். அரசன் பிடித்துக் கழுவேற்றச் சொல்கிறான். அரிச்சந்திரனுக்கு வாள் மாலையானது. காத்தானோ கழுவில் ஏறத்தான் வேண்டும். அரசனாய்ப் பிறந்தவனுக்கும் மற்றவனுக்கும் கதாசிரியர்கள் வைத்த வித்தியாசம் அது. என்றாலும் சனம் காத்தானைத் தெய்வமாக்கி, அவன் மெட்டைத் தாலாட்டுப்போலப் பாடமாக்கி வைத்திருந்தது. ஆறுமுக நாவலர் வழிவந்த சைவப் பெரியவர்கள் இதைக் காதில் வாங்கவில்லை. நல்லூரில் சதிர் ஆட்டத்தையே நாவலர் பொறுக்கவில்லை, கழுவேறிய காத்தானையா பொறுப்பார்கள்?

அந்த மெட்டுக்கு உரிய வேளை 1968க்குப் பிறகு வந்தது.

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. கோவிலுக்கோ கடைக்கோ போகிறவனைச் சாதி சொல்லி மறித்தால் குற்றம். சட்டம் கொழும்பில் இருந்தது, கோவில் மாவிட்டபுரத்தில் இருந்தது. 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் மாவிட்டபுரம் கந்தசாமி கோவில் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே விடச் சொன்னார்கள். எதிரே மறித்து நின்றவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. செல்லப்பா சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர், கணிதப் பேராசிரியர், முன்னாள் வர்த்தக அமைச்சர், அடங்காத் தமிழர். ஆயுள் முழுக்க எந்த அரசாங்கத்துக்கும் அடங்காத அந்த மனிதர், கோவில் வாசலில் மட்டும் பழைய வழமைக்கு அப்படி அடங்கி நின்றார். வழக்கு வைத்தார்கள். குற்றவாளி என்று தீர்ந்து ஐம்பது ரூபாய் தண்டம். அவர் விடவில்லை, மேன்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஐசாக்ஸுக்கு ஒப்பம் வைத்த பன்னிரண்டு முதலியார்மாரும் எங்கேயோ இருந்து பார்த்துக் கண்ணைத் துடைத்திருப்பார்கள்.

அந்த நாட்களில் என்.கே. ரகுநாதன் ‘கந்தன் கருணை’ எழுதினார். அம்பலத்தாடிகள் என்ற நாடகக் குழுவினர் அதை எடுத்துக் காத்தான் கூத்துப் பாணியில் ஆடினார்கள். அந்தத் துள்ளு நடை, அந்த மெட்டு, அந்த உடுக்கு. தாலாட்டுப்போல எல்லாருக்கும் பாடமானபடியால் சனத்துக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. மேடையில் நின்றது அயோத்தி அரசன் இல்லை, கோவில் வாசலில் மறிக்கப்பட்ட மனிதன். அவன் பக்கம் நிற்க மேலேயிருந்து ஒருவன் இறங்கி வருகிறான், வேறு யார், அந்தக் கோவிலுக்கே சொந்தக்காரன் முருகன். விசுவாமித்திரரோ ஜோர்ஜோ இல்லாமல், எவன் பிறந்தநாளுக்கும் காத்திராமல் நடந்த கதை.

முருகன் வந்தால் வள்ளியம்மையும் கூட வருவாள். அவள் குறத்தி. உள்ளே விடலாமா, வெளிவீதியில் நிற்கச் சொல்லலாமா என்று தீர்ப்புச் சொல்லத் தகுதியான கணிதப் பேராசிரியர் யாழ்ப்பாணத்தில் ஒருவர் இருந்தார். அவருக்கு அப்போது நீதிமன்றத்தில் வேலை.